தேங்காய் பன் சாசனம்

திருப்பூர்
ஏப்ரல் 19, ஞாயிறு

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் மணியன் அவர்களுக்கு,

தங்கை தரணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, மருமகள் தேஜஸ்ரீ, என் மாமனார், மாமியார் ஆகிய ஐந்து பேரும் நலம். லெஸ்டரில் நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்சலில் பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, தேங்காய் எண்ணெய் வைத்திருக்கிறேன். எண்ணெய் ஒழுகினால் முதலில் நனைவது இந்தக் கடிதம்தான். அதனால் பிரித்ததும் படித்துவிடவும். இதோடு கடிதத்தின் முறையான பகுதி முடிந்தது. இனி வருவதெல்லாம் முறைகெட்ட பகுதி.

பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு ஏப்ரலில் பதில் எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நானும் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. அந்த மெசேஜை நீங்கள் எனக்கு அனுப்பவில்லை. நேராக என் மாமனாருக்கு அனுப்பினீர்கள். நாலு நிமிஷம் பதினோரு விநாடி. "மாமா, தேஜுவ ஒம்பதாவதுக்கு ஹாஸ்டல்ல போட்டுருங்க. நானெல்லாம் ஹாஸ்டல்ல கெடந்து படிச்சதாலதானுங்க இன்னைக்கு இங்கிலாந்துல இருக்கறேன்" என்று. மாமா அதை ஸ்பீக்கரில் போட்டு, தன் பனியன் கம்பெனியில் ஒரு தடவை, சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை, வந்த ஒறம்பரை, விருந்தாளிகளுக்கெல்லாம் ஒவ்வொரு தடவை என்று ஓட விட்டு, "பாத்தியா, அம்மிணியோட அண்ணனே சொல்லிட்டாரு" என்று முடித்துவிட்டார். அவர் ஒன்றை முடித்தால் முடித்ததுதான். பதிமூணு வயசுப் பிள்ளை அண்ணா. இன்னும் இடி இடித்தால் என் பக்கத்தில் வந்து படுக்கிற பிள்ளை. நீங்கள் ஹாஸ்டலில் கெடந்ததும் எனக்குத் தெரியும். எட்டாவதில் நீங்கள் எழுதிய இன்லேண்ட் லெட்டர், "அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிருங்க, தெனமும் மாடு மேய்க்கறேன்" என்று எழுதி, மூலையில் கண்ணீரோ ரசமோ சிந்தியிருக்குமே, அது இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. ஞாபகத்துக்காகச் சொன்னேன். மிரட்டவில்லை.

இப்போ நடந்ததைச் சொல்றேன். பொங்கல் லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்ததும் சமூக அறிவியல் மிஸ் ஒரு புராஜெக்ட் குடுத்தாங்க. "இரு நாடுகளில் அரசியலமைப்புவழி ஆட்சி வளர்ந்த விதத்தை ஒப்பிடுக. பத்துப் பக்கம். படங்கள் ஒட்டவும்." அம்மாமார் குரூப்புல எல்லாரும் படம் எந்தக் கடையில கெடைக்கும்னு கேட்டுட்டு இருக்க, நான் ஒருத்திதான் தலைப்பைப் படிச்சவ. பி.ஏ. வரலாறு, எம்.ஏ. ஒரு வருசம், அப்புறம் கல்யாணம். பதினாலு வருசமா அந்த வரலாறு பீரோவுக்குள்ள பட்டுப்புடவைக்கு அடியில கெடக்குது, அதை ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டாங்கன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "எந்த ரெண்டு நாடு கண்ணு?"ன்னேன். "நம்ம நாடு ஒண்ணு, மாமா நாடு ஒண்ணு"ன்னா. "அது மாமா நாடு இல்ல சாமி, மாமா அங்க வாடகைக்குத்தான் இருக்காங்க"ன்னு சொல்லி ஆரம்பிச்சேன்.

உங்க வாடகை நாட்டைப் பத்தி நீங்க பெருமையா பேசறீங்களே, அவங்களுக்கு அரசியலமைப்புன்னு ஒரு புஸ்தகமே கெடையாதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்ணா? அங்கொரு சட்டம், இங்கொரு தீர்ப்பு, மீதியெல்லாம் வழக்கம். தேஜுவுக்கு இது புரியல. "எழுதி வெக்காம எப்படிம்மா ஒரு நாட்ட நடத்துவாங்க?"ன்னா. நான் யோசிக்காம மாமாவையும் அத்தையையும் இழுத்துச் சொல்லிட்டேன்: "நம்ம ஊடு நடக்கலையா? உங்க அப்பாரு எந்த நாற்காலியில உக்காருவாருன்னு எழுதியா வெச்சிருக்குது? அந்த நாற்காலியில வேற யாராச்சும் உக்காந்து பாத்திருக்கறயா? பேருக்கு அப்பாரு ராஜா. ஆனா இன்னைக்குக் கொழம்பா ரசமான்னு முடிவு பண்றது அப்பாயி. இதெல்லாம் எங்க எழுதிருக்குது?" பிள்ளை கண்ணை அகலமா தொறந்தா. "அப்ப நம்ம ஊடு இங்கிலாந்து. நம்ம கம்பெனி?" கம்பெனிதான் இந்தியான்னேன். ஏன்னா அங்க எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். நம்ம சரக்கை வாங்கற வெளிநாட்டு பையர் குடுத்த நடத்தை நெறி, தமிழ், இந்தி, இங்கிலீஷுன்னு மூணு பாஷையில, ஒரு ஆள் உயரத்துக்குச் செவுத்துல இருக்குது. இன்ன வயசுக்குக் கொறஞ்சவங்கள வேலைக்கு வெக்கக்கூடாது, இத்தனை மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, குடிக்கத் தண்ணி, கழுவ சோப்பு, எல்லாம் பிரிவு பிரிவா. அதெல்லாம் நடக்குதான்னு பாக்க ஆடிட் வர்ற அன்னைக்கு முதலுதவிப் பெட்டியோட சாவிகூடக் கெடைச்சிரும். நம்ம நாட்டுலயும் அப்படித்தான எழுதினாங்க? அம்பேத்கர் தலைமையில வரைவுக் குழு போட்டு, நிர்ணய சபை ரெண்டு வருசம் பதினோரு மாசம் உக்காந்து, முன்னூத்தித் தொண்ணூத்தஞ்சு பிரிவு. உலகத்துலயே பெருசு. எதையும் விடல. நம்மளப் பத்தி நமக்கே நல்லாத் தெரியுமில்ல, எழுதி வெக்கலைன்னா "நான் எப்பச் சொன்னேன்?"னு கேட்டுருவோம்.

அப்புறம் பிள்ளைக்கு உங்க ஊரு ராஜாக்களைச் சொன்னேன். ஆயிரத்து இருநூத்திப் பதினஞ்சுல ஜான்னு ஒரு ராஜா. சண்டையில தோத்து, ஊரெல்லாம் வரி கேட்டு, கடைசியில பிரபுக்களெல்லாம் சேந்து அவனை ஒரு புல்வெளியில நிறுத்தி, மாக்னா கார்ட்டான்னு ஒரு சாசனத்துல சீல் வெக்க வெச்சாங்க. யாரையும் சட்டப்படியில்லாமப் புடிச்சு அடைக்கக்கூடாதுன்னு அதுல இருக்குது. அதே சாசனத்துல தேம்ஸ் ஆத்துல மீன்பிடித் தடுப்பை எல்லாம் எடுக்கணும்னும் இருக்குது, சாயம் போட்ட துணி எல்லா ஊர்லயும் ஒரே அகலத்துல இருக்கணும்னும் இருக்குது. இதை நான் சத்தமா படிச்சிட்டிருந்தப்ப, பேப்பர் படிக்கற மாதிரி உக்காந்திருந்த மாமா நிமிந்து பாத்தாரு. "துணி அகலமா? என்ன சொல்ற அம்மிணி?" திருப்பிப் படிச்சேன். "எண்ணூறு வருசத்துக்கு முந்தியே டயா பாத்திருக்கானுகடா!"ன்னு அசந்துபோயிட்டாரு. பின்னலாடைத் துணிக்கு அகலத்தை டயான்னுதானுங்க சொல்லுவாங்க, அரை இஞ்சு கொறைஞ்சா மாமா ரோல் ரோலாத் திருப்பி அனுப்பற ஆளு. அன்னையிலிருந்து மாக்னா கார்ட்டா மேல அவருக்கு ஒரு மரியாதை. அதுதான் பின்னாடி அவர் காலை வாரி விட்டுது.

மத்ததையும் சொன்னேன். முதலாம் சார்லஸோட தலையை எடுத்தாங்க, பதினோரு வருசம் ராஜாவே இல்லாம இருந்து பாத்தாங்க, சரிப்படலைன்னு அவன் மகனையே கூப்ட்டு வந்து உக்கார வெச்சாங்க. அப்புறம் அவன் தம்பி ரெண்டாம் ஜேம்ஸ். அவனையும் புடிக்கல. இந்தத் தடவை தலையை எடுக்கல, அவன் மகளையும் மருமகனையும் வெளியூர்ல இருந்து கூப்ட்டாங்க. மருமகன் சீர்வரிசையோட வரல, கப்பல் கப்பலாப் படையோட வந்தாரு. மாமனாரு ஓடிட்டாரு. "இன்ன இன்ன உரிமைக்கு ஒத்துக்கிட்டாத்தான் நாற்காலி"ன்னு பார்லிமெண்ட்டு நிபந்தனை போட்டுது. இதைக் கேட்டு அத்தை, "மகளே அப்பனுக்கு இப்படிப் பண்ணுவாளா?"ன்னு ரெண்டு நாள் வெசனப்பட்டாங்க. மாமா உங்க மாப்பிள்ளைகிட்ட, "நமக்கு மருமகன் வர்றப்ப ஜாக்கிரதையா இருக்கணும் தங்கராஜு"ன்னாரு. இவரு வழக்கம்போலக் கம்முனு சோறு தின்னாரு. எங்க ஊட்டு மேல்சபை அவருதான். எல்லாத்துலயும் இருப்பாரு, எதையும் தடுக்க மாட்டாரு.

புராஜெக்ட்டோட கடைசிப் பக்கத்துல "மாதிரிச் சாசனம் ஒன்று தயாரிக்கவும்"னு இருந்துது. தேஜு பதினோரு பிரிவு எழுதினா. என்கிட்டக் கையெழுத்துக் கேட்டா. போடப் போனேன். பாத்தா, "உறுப்பினர்: அம்மா"ன்னு எழுதியிருக்கா. அப்புறம் அவளே பேனாவ எடுத்துக் கோடு போட்டு அடிச்சா. "நீங்கதானம்மா சொன்னீங்க, மொதத் தேர்தல்ல வடக்க இருபத்தெட்டு லட்சம் பொம்பளைங்க 'இன்னாரு சம்சாரம், இன்னாரு அம்மா'ன்னே சொல்லி, பேரைச் சொல்லாம ஓட்டு இல்லாமப் போயிட்டாங்கன்னு. உங்க பேர எழுதுங்க." தரணின்னு எழுதினேன். கேஸ் புக்குக்கும் ரேஷன் கார்டுக்கும் அப்புறம் நான் என் பேர எழுதினது அன்னைக்குத்தானுங்ணா.

இதுவரைக்கும் என் தப்பு ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் பிள்ளை பண்ணினது. ஜான் ராஜா கையெழுத்துப் போடல, சீல்தான் வெச்சான்னு நான் சொன்னதை அவ புடிச்சுக்கிட்டா. எங்க ஊட்டுல சீல் யாருகிட்ட இருக்குது? மாமா சட்டைப் பையில. டி.சி.க்கு வெக்கறதுக்குன்னு, அதாவது சரக்கு ஒரு யூனிட்டுல இருந்து இன்னொரு யூனிட்டுக்குப் போறப்பக் கூடவே போற சீட்டுக்கு வெக்கறதுக்குன்னு, கம்பெனி சீலை எந்நேரமும் பையிலயே வெச்சிருப்பாரு. படிச்சுப் பாத்தெல்லாம் வெக்க மாட்டாரு, காகிதம் நீட்டினா டப்புன்னு வெச்சுருவாரு. ஸ்கூல் வேன் தேஜுவ எறக்கி விடற எடத்துல ஒரு பேக்கரி. மாமாவுக்கு சுகர் முன்னூத்திப் பத்து. பேக்கரிப் பக்கம் போறதில்லைன்னு அத்தை தலையில அடிச்சு சத்தியம் பண்ணின மனுசன். தேஜு அங்க போறப்ப டீ கிளாசும் தேங்காய் பன்னுமா உக்காந்திருக்காரு.

"என்னங்க அப்பாரு?"

"அட, கண்ணு! இது எனக்கில்ல சாமி. பக்கத்துல ஒருத்தரு வாங்கி வெச்சுட்டுப் போனாரு."

"மீசையில தேங்காப்பூ இருக்குதுங்க."

மாமா தொடைச்சுக்கிட்டு, "அப்பாயிகிட்டச் சொல்லீராத, என்ன? உனக்கொரு பன்னு சொல்லட்டுமா?"ன்னிருக்காரு.

"பன்னு வேண்டாமுங்க. ஒரு சீலு வேணும்."

"என்னதிது?"

"மாக்னா கார்ட்டாங்க அப்பாரு. டயா பாத்தாங்கள்ல, அது."

"ஓ, அதா!"ன்னு டப்புன்னு வெச்சுட்டாரு. பதினோரு பிரிவுல மூணாவது பிரிவு என்னன்னு அவருக்குத் தெரியாது. "எந்தப் பெண்பிள்ளையையும் அவள் சம்மதம் இல்லாமல் ஹாஸ்டலில் அடைக்கக் கூடாது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துதுங்ணா. நான் வாரக்கணக்கா வாயைத் தொறக்காம வெந்துட்டிருந்ததை, அவ ஒரு பன்னுல முடிச்சுட்டா. ஆனா சந்தோசம் பத்து நிமிஷம்கூட நிக்கல. மாக்னா கார்ட்டாவுல எடமும் தேதியும் போட்டிருப்பாங்கன்னு படிச்சவளாச்சே, இவளும் நேர்மையா அடியில எழுதியிருக்கா: "பேக்கரியில், இரண்டாவது தேங்காய் பன்னின்போது சீல் வைக்கப்பட்டது." எழுதி, ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டா. அத்தை கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்தாங்க. பதினோரு பிரிவுல ஒண்ணைக்கூடப் படிக்கல, நேரா கடைசி வரிக்குப் போனாங்க.

"ரெண்டாவதா?"

மாமா கொல்லைப் பக்கம் போயிட்டாரு. அத்தை அந்த எடத்துலயே தீர்ப்புச் சொன்னாங்க: "பன்னு திங்கறதுக்காக வெச்ச சீலு செல்லாது. ஹாஸ்டலு ஹாஸ்டலுதான்." ஜான் ராஜா சாசனத்தையும் போப்பு இப்படித்தான், கட்டாயப்படுத்தி வாங்கினது செல்லாதுன்னு அடிச்சுப் போட்டாரு. அவருக்குப் பத்து வாரம் ஆச்சு. எங்க அத்தை சின்னாத்தாளுக்குப் பத்து நிமிஷம்.

இப்பத்தான் கதைக்குள்ள கம்பெனி வருது. புராஜெக்ட்டை டைப் அடிச்சு, காப்பி எடுக்கறதுக்கு தேஜு கம்பெனிக்குப் போனா. சாசனத்தையும் ரெண்டு காப்பி எடுத்துட்டு, ஒண்ணை மெஷின்லயே விட்டுட்டு வந்துட்டா. மறுநாள் காலையில ஆடிட். உங்க இங்கிலாந்துக்கு வர்ற குழந்தைங்க பனியன் ஆர்டருக்கு. கம்பெனியில அனுப்பிரியான்னு ஒரு பொண்ணு, ஆடிட்டுக்கு ஃபைல் தயார் பண்றதுதான் அவ வேலை. தொழிலாளர் கமிட்டித் தீர்மானம்னு ஒரு ஃபைல் இருக்கணும். இருந்துது, உள்ளதான் பெருசா ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல மெஷின்ல ஒரு காகிதம். பதினோரு பிரிவு. தலைவர், உறுப்பினர் கையெழுத்து. கம்பெனி சீல். பாவம், சாமி குடுத்த வரம்னு நெனைச்சு, ரெண்டு ஓட்டை போட்டு ஃபைல்ல கோத்துட்டா.

ஆடிட்டருன்னு ஒரு அம்மா வந்தாங்க. பெங்களூர்க்காரங்க, ஆனா தமிழ் நல்லாப் படிப்பாங்க. அந்த ஃபைலைத் தொறந்தாங்க. அவங்க படிச்சதை நீங்களும் அவங்க கண்ணால படிச்சுப் பாருங்ணா. பனியன் கம்பெனி சீல் போட்ட காகிதத்துல: பெண்பிள்ளையை சம்மதமில்லாமல் ஹாஸ்டலில் அடைக்கக் கூடாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று எந்தப் பெண்ணையும் கட்டாயப்படுத்தக் கூடாது. விசாரிக்காமல் செல்போனைப் பறிக்கக் கூடாது. பாத்ரூமில் இருப்பவரைக் கதவைத் தட்டி வெளியே வரச் சொல்லக் கூடாது. தலைவர், தேஜஸ்ரீ. வயது 13.

அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டு, "இந்த தேஜஸ்ரீ எந்த செக்‌ஷன்?"னு கேட்டாங்களாம். அனுப்பிரியாவுக்கு அது யாருன்னே ஞாபகமில்ல. ஆடிட்டுல தெரியாதுன்னு மட்டும் சொல்லக்கூடாதுன்னு அவளுக்குச் சொல்லி வெச்சிருக்குது. "செக்கிங்ல இருக்குதுங்க மேடம். ரொம்ப நல்லா வேலை செய்யும்"னுட்டா.

அப்புறம் கம்பெனியே நின்னு போச்சு. மாமாவக் கூப்ட்டாங்க. "என்ற பேத்திங்க அது"ன்னாரு. "எல்லா ஓனரும் சொந்தக்காரப் பிள்ளைன்னுதான் சொல்லுவாங்க"ன்னாங்க அந்தம்மா. புராஜெக்ட்டுன்னாரு. "எந்த புராஜெக்ட்? எத்தனை பீஸ்?" உங்க மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓடி, யூனிபார்மோட தேஜுவக் கூட்டிட்டு வந்தாரு. நானும் அத்தையும் புராஜெக்ட்டைத் தூக்கிட்டு ஓடினோம். தொழிலாளி பேட்டியில ஓனர் பக்கத்துல இருக்கக்கூடாதாம். அறைக்குள்ள பிள்ளையும் அந்தம்மாவும், கதவைச் சாத்தியாச்சு. வெளிய மாமா, அத்தை, இவரு, நான், வரிசையா பிளாஸ்டிக் சேர்ல. பதினாலு வருசத்துல நாங்க நாலு பேரும் ஒரே உயர சேர்ல உக்காந்தது அன்னைக்குத்தான்.

உள்ள நடந்ததைத் தேஜு பின்னாடி சொன்னா.

"பயப்படாமச் சொல்லும்மா. உன்னை ஹாஸ்டல்ல அடைச்சிருக்காங்களா?"

"இன்னும் இல்லீங்க மேடம். ஜூன்லதானுங்க."

"யாரு அடைக்கப் போறாங்க?"

"ஓனருங்க."

"வேலை எதாவது செய்யச் சொல்றாங்களா?"

"டெய்லி பாத்திரம் கழுவறேனுங்க. ஞாயித்துக்கெழமை துணியும் மடிக்கணும்."

"சம்பளம்?"

"கெடையாதுங்க. ஒரு தட்டுக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட்டும் இல்லீங்க."

நல்ல வேளை, அடுத்த கேள்விக்கு முன்னாடி நான் கதவைத் தட்டிப் புராஜெக்ட்டை நீட்டிட்டேன். அந்தம்மா பத்துப் பக்கத்தையும் படிச்சாங்க. மருமகன் கப்பல்ல வர்ற படத்துக்கிட்ட வந்தப்ப லேசா சிரிச்ச மாதிரி இருந்துது. எங்க எல்லாத்தையும் உள்ள கூப்ட்டாங்க.

"புராஜெக்ட் நல்லா இருக்கு. குழந்தைத் தொழிலாளர் இல்லைன்னு நான் ஒத்துக்கறேன். ஆனா எனக்கு ஒரு சின்ன சிக்கல். இது உங்க சீல்தானே?"

"ஆமாங்க. ஆனா அது சும்மா வெச்சதுங்க மேடம். பிள்ளை கேட்டுதேன்னு. செல்லாதுங்க."

அந்தம்மா பக்கத்துல அடுக்கியிருந்த ஃபைலையெல்லாம் ஒரு தடவை பாத்தாங்க. சம்பளம், ஓவர்டைம், தீயணைப்புப் பயிற்சி, எல்லாத்துலயும் அதே சீல். "அப்படிங்களா? அப்ப இதுல எதெது சும்மா வெச்சது, எதெது செல்லும்னு கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தீங்கன்னா எனக்கு வேலை சுலபம்."

மாமா அத்தையப் பாத்தாரு. அத்தை ஃபைலைப் பாத்தாங்க. அந்த போப்பாண்டவர் வாயாலயே வந்துது: "ஏனுங்க, செல்லும்னு சொல்லித் தொலைங்க."

"செல்லுமுங்க மேடம்"னாரு மாமா.

"பதினோரு பிரிவுமா?"

"பதினொண்ணுமுங்க."

"எழுதிக் குடுத்துருங்க."

கம்பெனி லெட்டர்ஹெட்ல, லிங்கசாமி ஆகிய நான் இந்தச் சாசனம் எங்கள் இல்லத்தில் நடைமுறையில் உள்ளது என்று உறுதி கூறுகிறேன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வெச்சாரு. இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டு வெச்சாரு. ஆடிட் பாஸ்.

நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது இதுதானுங்ணா. உங்க நாட்டுலயும் சரி, நம்ம நாட்டுலயும் சரி, நாற்காலியில உக்காந்திருந்தவன் எவனும் மனசு எரங்கி ஒரு பிரிவைக்கூடக் குடுத்ததில்ல. உங்காளுக அவங்க ராஜாகிட்ட இருந்து எழுநூறு வருசம் கொஞ்சம் கொஞ்சமாப் புடுங்கினாங்க. பொம்பளைங்களுக்கு ஆம்பளைங்க மாதிரி ஓட்டு வர்றதுக்குள்ள ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு ஆயிப் போச்சு. அதே ஆளுக இங்க வந்து உக்காந்துக்கிட்டு, நமக்கு ஒம்பதுல ஒரு சட்டம், பத்தொம்பதுல ஒரு சட்டம், முப்பத்தஞ்சுல ஒரு சட்டம்னு, வேண்டாத ஒறம்பரைக்கு மோர் ஊத்தற மாதிரி ஊத்தினாங்க. நாம அவங்கள அனுப்பிட்டு, அந்த முப்பத்தஞ்சாம் வருசத்துச் சட்டத்துலயே வேணுங்கறதையெல்லாம் உருவி எடுத்து, அவங்க எழுநூறு வருசத்துல குடுத்ததை ஒரே நாள்ல எல்லாருக்கும்னு எழுதி வெச்சுட்டோம். எழுதினது எல்லாம் நடக்குதான்னு கேக்காதீங்க. ஆடிட் வரோணும்.

இப்ப எங்க ஊட்டுல நான் சூடாச் சாப்பிடறேன். முந்தாநாள் ரசத்துக்கு உப்புப் பத்தலைன்னு நானே கண்டுபுடிச்சேன். இத்தனை வருசம் ஆறிப்போனதைத் தின்னதால தெரியவே இல்ல. அத்தை பேக்கரிக்காரருகிட்ட நேர்ல போய், மாமாவுக்குப் பன்னு குடுத்தா கடை முன்னாடி உக்காந்துக்குவேன்னு சொல்லிட்டு வந்துட்டாங்க. அது எழுதாத சட்டம், அதனால உடனே அமலுக்கு வந்திருச்சு. ஹாஸ்டல் பேச்சு நின்னு போச்சு. தேஜு என் பக்கத்துலதான் இருப்பா. நானும் ராத்திரி தூங்கறேன்.

ஆகவே அண்ணா, இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். அந்த நாலு நிமிஷம் பதினோரு விநாடியை நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். என் பிள்ளை விஷயத்தில் இனி நீங்கள் நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்லி, எந்த வாய்ஸும் யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒரு சுதந்திர நாட்டின் உள்விவகாரத்தில் இங்கிலாந்து தலையிடுவதை நாங்கள் நாற்பத்தேழிலேயே நிறுத்திவிட்டோம்.

அண்ணிக்கு என் அன்பு. சிவன்மலை முருகன் உங்களுக்கு நல்ல புத்தியும், அந்தக் குளிருக்கு நல்ல சுவெட்டரும் தரட்டும். சுவெட்டர் லேபிளைத் திருப்பிப் பாருங்கள், நம் ஊரில் தைத்ததாக இருந்தால் டயா சரியாக இருக்கும்.

என்றும் உங்கள் வாழ்த்தை வேண்டும்,
தங்கை,
தரணி

பி.கு.: பார்சலை ஒட்டப் போற நேரத்துல இதை எழுதறேன், அவசரத்துல எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. இன்னைக்கு மத்தியானம் சாப்பிடறப்ப மாமா பெரிய மனசு பண்ணி, "மூணாவது பிரிவுப்படி கேக்கறேன் கண்ணு, ஹாஸ்டலுக்குப் போறயா, இல்லையா?"ன்னு கேட்டாரு. கேக்கறதுக்கென்ன, பதில் தெரிஞ்சதுதானன்னு நானும் ரசம் ஊத்திட்டிருந்தேன். "போறேனுங்க அப்பாரு"ன்னுட்டா! எனக்குக் கரண்டி நழுவி விழுந்திருச்சு. "கேக்காம அனுப்பறதுதானம்மா தப்பு? இப்பத்தான் கேட்டாங்களே. அந்த ஹாஸ்டல்ல மாணவர் தேர்தல் எல்லாம் இருக்குதாம். எழுதாத சட்டமும் நெறைய இருக்குதாம், வார்டன் என்ன சொன்னாலும் சரிங்கணுமாம். அங்கயும் ஒரு சாசனம் வேணும்மா"ங்கறா. கேட்டவரே அழறாரு. அத்தை பெத்த மகளை மாதிரி என்னைக் கட்டிக்கிட்டு அழறாங்க. ஹாஸ்டலு ஹாஸ்டலுதான்னு சொன்னவங்க அவங்கதான். உங்க மாப்பிள்ளை மொத மொதலா வாயத் தொறந்து, "அவ இஷ்டம்"னாரு. பேசவே பேசாதவரு பேசினதும் பாருங்க.

அதனால அண்ணா, மேல எழுதினது எல்லாம் ரத்து. அட்மிசன் மே பத்தாம் தேதி. பார்சல் ஒரு வாரத்துல வந்துரும்னு கொரியர்காரர் சொல்றாரு. போன்ல சொல்லலாம்னா பக்கத்துலயே நிக்கறா. பிரிச்ச உடனே மாமாவுக்கு ஒரு வாய்ஸ் அனுப்புங்க, எட்டு நிமிஷமாவது இருக்கட்டும். ஹாஸ்டல்ல நீங்க பட்டதெல்லாம் சொல்லுங்க. சாசனம் கட்டாயத்துல வாங்கினது, செல்லவே செல்லாது, உங்க நாட்டுச் சாசனத்துக்கே போப்பு அப்படிச் சொல்லியிருக்காருன்னு சொல்லுங்க. தேஜுவுக்குக் காட்டறதுக்கு அந்த இன்லேண்ட் லெட்டரை பீரோவுல இருந்து எடுத்து வெச்சேன். படிச்சுட்டா. "அப்புறம் மாமா சரியாயிட்டாங்கள்ல?"ன்னு கேட்டுட்டு, சாசனத்தை எடுத்து, முதல் திருத்தம்னு தலைப்புப் போட்டு, கீழ ஒரு பிரிவு சேத்து, என் முன்னாடியே அப்பாருகிட்ட சீல் வாங்கிட்டா. அவரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டே வெச்சுட்டாரு. படிக்கல. நான்தான் இப்பப் படிச்சேன்:

"பிரிவு 12. அம்மா அழுவதைக் காரணம் காட்டி இந்தச் சாசனத்தை யாரும் ரத்து செய்ய முடியாது."